ஆயில் மாத்தணுமா, இன்னும் ஓட்டலாமா? வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்த தடவ வந்த கடிதத்துல பாதிக்கு மேல என்ஜின் ஆயில் சமாச்சாரம்தான், அதுவும் காரைக்குடி சுத்துப்பட்டுல இருந்து. அதனால பிரேக், டயர் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கங்க.

அண்ணே, அப்பச்சி வாங்குன பெட்ரோல் கார் கானாடுகாத்தான் வீட்லயே நிக்கிது. நாங்க சென்னையில. பிள்ளையார் நோன்பு, படைப்பு, கல்யாணம்னு ஊருக்கு வந்தாதான் எடுப்போம். ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, 3,000 கிலோமீட்டர் கூட ஓடல. 10,000 ஆகட்டும்னு விட்றலாமா?

விடாதீங்க. மேனுவல்ல 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னுதான் பெரும்பாலும் போட்ருக்கும், நம்மாளுக முதல் பாதியப் படிச்சுட்டு மூடி வச்சிருவாங்க. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் சேந்து வரும், அதுல கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள்ள இறங்கிரும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே இறங்கும். அரை மணி நேரம் நல்லா சூடா ஓடுச்சுன்னா அதெல்லாம் ஆவியாப் போயிரும், ஆனா ஊருக்கு வந்தா நீங்க என்ன ஓட்டப் போறீங்க, வீட்லருந்து கோயில், கோயில்லருந்து கல்யாண வீடு, என்ஜின் சூடேறுறதுக்குள்ள ஆஃப் பண்ணிருவீங்க. தண்ணி உள்ளயே தங்கி ஆயில் புளிச்சுப் போயி பேரிங்கை அரிக்க ஆரம்பிக்கும். ஆயில் ஊத்துற மூடியத் திறந்து அடியில பாருங்க, மோர் மாதிரி வெளுப்பா ஒட்டியிருந்தா தண்ணி சேந்திருக்குன்னு அர்த்தம், அதோட கூலன்ட்டும் (என்ஜினைக் குளுத்துற தண்ணி) குறைஞ்சிருந்தா உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

வீட்டப் பாத்துக்கிறவர்கிட்ட வாரம் ஒரு தடவ அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க பாருங்க, அது இன்னும் மோசம், தண்ணிய சேத்து வைக்கிற வேலை. லைசென்ஸ் இருக்கிற ஆளா இருந்தா திருச்சி ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஊருக்கு வந்ததும் மாத்துறத விட கெளம்பும்போது மாத்திட்டுப் போங்க, மாசக்கணக்கா நிக்கப் போற என்ஜின்ல புது ஆயில் நிக்கட்டும்.

தேவகோட்டையில நான் விடுற கடைல, நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 தண்ணியா இருக்கும், 20டபிள்யூ-50 ஊத்துங்கங்கிறாங்க. சரியா?

அம்பாசடர் வச்சிருந்தா நானும் கெட்டி ஆயில் பக்கம்தான் நிப்பேன். இப்ப வர்ற பெட்ரோல் காருக்கு வேணாம். டபிள்யூக்கு முன்னாடி இருக்கிறது குளிர்ல எப்படி ஓடும்ங்கிறது, பின்னாடி இருக்கிறது 100 டிகிரியில எவ்வளவு கெட்டிங்கிறது. வெளியில 40 டிகிரி அடிச்சாலும் தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்துலயே வச்சுக்கும், அதனால வெயில வச்சு மட்டும் ஆயில் எடுக்கக் கூடாது. புது என்ஜின்ல ஆயில் போற ஓட்டையெல்லாம் பொடிசு, கெட்டியா ஊத்துனா காலையில ஸ்டார்ட் பண்ணதும் மேல ஏறவே நேரமாகும், மைலேஜும் குறையும். மேனுவல்ல ரெண்டு மூணு கிரேடு குடுத்திருந்தா அதுக்குள்ள எடுங்க. கேன்ல ஏபிஐங்கிற தரத்துக்குப் பக்கத்துல இருக்கிற எழுத்தையும் பாருங்க, எஸ்னு ஆரம்பிச்சா பெட்ரோலுக்கு, சின்னு ஆரம்பிச்சா டீசலுக்கு. எஸ்பிங்கிறது 2020ல வந்தது, எஸ்என் கேட்டிருக்கிற காருக்கும் ஊத்தலாம்.

டீசல் காருக்கு ஆயில் மாத்தி ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள கருப்பாயிருச்சு. ஏமாத்திட்டாங்களா? (காரைக்குடி)

இல்ல. டீசல்ல கரி வரும், அத உள்ள ஒட்ட விடாம தூக்கி வச்சுக்கிறதுதான் ஆயிலோட வேலை, கருப்பானா வேலை செய்யுது. நீங்க பாக்க வேண்டியது அளவை. புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 டீசலா இருந்து, ஊருக்குள்ளயே கோட்டையூர் வரைக்கும்னு சும்மா ஓட்டிக்கிட்டிருந்தா புகை பில்டர் தன்னைத்தானே எரிச்சு சுத்தம் பண்றது பாதியில நின்னு, டீசல் ஆயிலுக்குள்ள இறங்கும். டிப் ஸ்டிக்ல மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தா அது நல்லதில்ல, உடனே காட்டுங்க. இந்த வண்டிக்கு சாம்பல் கம்மியான ஆயில்தான் ஊத்தணும், மேனுவல்ல சி2, சி3ன்னு போட்ருக்கிறதப் பாத்து வாங்குங்க, இது ஏசிஇஏங்கிற ஐரோப்பா தரம், மேல சொன்ன சி வேற.

தம்பி, நானே கார் ஓட்டுறேன். கடைக்குப் போனா பொம்பளைன்னு நெனச்சு பிளஷ் பண்ணணும் (என்ஜினை உள்ள கழுவணும்), ஆயிலுக்கு மேல இன்னொரு பாட்டில் ஊத்தணும்னு பில்லை ஏத்துறாங்க. எதைப் பாக்கணும்? (பள்ளத்தூர்)

ஆச்சி, மேனுவல்ல இல்லாத பாட்டில் எதுவும் வேணாம்னு சொல்லிருங்க. கேனை உங்க முன்னாடி சீல் உடைக்கச் சொல்லுங்க. ஆயில் பில்டர் புதுசு போட்டாங்களான்னு பழசக் கையில காட்டச் சொல்லிப் பாருங்க, டிரெயின் போல்ட்டோட வாஷரும் மாத்தணும், அது சின்னக் காசுதான். சின்ன பெட்ரோல் காருக்கு மூணு, மூணரை லிட்டர் பக்கம்தான் பிடிக்கும், நாலு லிட்டர் கேன் வாங்குனா மிச்சம் உங்களோடது, கேட்டு வாங்கிக்கங்க. மேல் கோட்டுக்கு மேல ஊத்த விடாதீங்க, நொரை கட்டிரும். வாரண்டி இருக்கிற வண்டின்னா பில்லை பத்திரமா வைங்க.

எடுத்த பழைய ஆயிலைத் தேக்குக் கதவுக்குப் பூசலாமா, கரையான் வராதுன்னு சொல்றாங்களே?

வேண்டவே வேண்டாம். அதுல புற்றுநோய் வரவைக்கிற சமாச்சாரம் இருக்கு, பிள்ளைக கை வைக்கிற கதவுல போய் அதப் பூசுவாங்களா, நாத்தமும் போகாது. ஊருணிப் பக்கமும் கொட்டிராதீங்க, பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு, கேன்ல அடைச்சு ரீசைக்கிளுக்கு அனுப்புற ஒர்க்‌ஷாப்புல குடுத்துருங்க. கதவுக்கு லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) துணியில தொட்டு மெல்லிசா தேய்ங்க, ஆனா அந்தத் துணியச் சுருட்டிப் போடாதீங்க, தானாவே தீப்பிடிக்கும், வெளியில விரிச்சுக் காயப் போடுங்க.