வட்ட முகத்துக்கு எந்தக் கூலிங் கிளாஸ் பொருந்தும்?

"எனக்கு வட்ட முகம், கன்னம் கொஞ்சம் உப்பல், சதுர ஃப்ரேம்தான் எடுக்க வேண்டும் என்கிறார்களே, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை யாரோ ஏற்கனவே கிண்டல் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வி வராது. எனக்கு வந்ததும் அப்படித்தான்.

அந்தப் பட்டியல் எனக்கும் மனப்பாடம். வட்ட முகத்துக்குக் கோணமான ஃப்ரேம், சதுர முகத்துக்கு வளைவானது, நீள முகத்துக்கு உயரம் அதிகமான லென்ஸ். முட்டை வடிவ முகம் என்றால் எதை வேண்டுமானாலும் போடலாமாம், கொடுத்து வைத்தவர்கள். முகத்தில் இல்லாததை ஃப்ரேம் கொடுக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அது மொத்தமும் பொய் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அதை மட்டும் நம்பிப் போனால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

முதலில் என் முகம் என்ன வடிவம் என்றே எனக்குத் தெரியாது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சோப்புத் துண்டால் முகத்தைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார்கள். போட்டேன். நெற்றியில் ஆரம்பித்துத் தாடைக்கு வருவதற்குள் தலை அசைந்துவிடும். இரண்டு முனையும் சேராது. மூன்றாவது முறை வரைந்தபோது கிட்டத்தட்ட வட்டம் வந்தது. ஆனால் சின்ன வட்டம், கையை விரித்தால் மூடிவிடலாம். இவ்வளவுதானா என் முகம் என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன். கண்ணாடியில் வரையும் கோடு நிஜ முகத்தில் பாதி அளவுதான் வரும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அளவைப் பற்றி யோசிக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. நான் வடிவத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் சோப்பைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

வட்டம் என்று முடிவானதும் சதுரமாக, பெரிதாக, கன்னங்கரேல் என்று ஒன்றை வாங்கினேன். குடும்பமாக வெளியூர் போனபோது முதல்முறை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். அத்தான் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, வெல்டிங் வேலைக்குக் கிளம்பிட்டியா?"

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததும் கன்னம் எழும்பி ஃப்ரேமைப் புருவத்துக்கு மேலே தூக்கிவிட்டது. சிரிப்பை நிறுத்தினால் மூக்கில் வழுக்கி இறங்கியது. அன்று முழுக்க ஒரு விரலால் அதை ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தேன்.

அதை அவர் படம் வேறு எடுத்தார். எடுத்ததுகூடப் பரவாயில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ஒருவர் படத்தைப் போடும் முன் "போடட்டுமா?" என்று கேட்பதில் என்ன குறைந்துவிடும்? இதைக் கேட்டால் "குடும்பத்துக்குள்ளதானே" என்பார்கள். குடும்பத்துக்குள் என்பதால்தான் அது அழியவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் யாராவது ஒருவர் அதே படத்தைத் தோண்டி எடுத்து வாழ்த்துச் சொல்கிறார். சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அந்தக் கண்ணாடி நான்கு வருடம் மேசை இழுப்பறையில் கிடந்தது. படிக்கும் கண்ணாடி மாற்றப் போனபோது அதையும் எடுத்துப் போய், "இது ஏன் வழுக்குகிறது?" என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தை ஒரு தடவைகூட வட்டம், சதுரம் என்று சொல்லவில்லை. காதுக் கம்பியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் 60, 16, 145 என்று இருந்தது. இத்தனை நாள் அதை மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளி, மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். நான் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட்டுக்கொண்டிருந்த படிக்கும் கண்ணாடியில் 51, 18, 140. லென்ஸுக்கு லென்ஸ் 9 மில்லிமீட்டர் வித்தியாசம். என் முகம் வட்டம்தான், ஆனால் அகலம் குறைவு. உப்பிய கன்னத்தைப் பார்த்துப் பெரிய முகம் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

அதனால் உங்களிடம் ஏற்கனவே சரியாக உட்காரும் கண்ணாடி ஏதாவது இருந்தால் முதலில் அந்த எண்களைப் பாருங்கள். புதிதாகப் போட்டுப் பார்க்கும்போது ஃப்ரேம் முகத்தின் அகலத்தோடு நிற்க வேண்டும், கன்னப்பொட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கண் லென்ஸின் நடுவாக்கில் வர வேண்டும். மேல் விளிம்பு புருவத்தின் போக்கிலேயே போனால் முகம் இயல்பாக இருக்கும், புருவத்துக்கு மேலே இன்னொரு புருவம் மாதிரி நின்றால் எப்போதும் ஆச்சரியப்பட்ட முகம்தான். அப்புறம் கடையில் வாய்விட்டுச் சிரியுங்கள், குனிந்து செருப்பைத் தொடுங்கள். யார் பார்த்தால் என்ன? மூக்குத்தண்டு தாழ்வாக இருந்தால் மொத்தமாக வார்த்த பிளாஸ்டிக்கைவிட, வளைத்துச் சரிசெய்யக்கூடிய மூக்குத் தாங்கி உள்ளது நல்லது. எனக்கு அதுதான் கைகொடுத்தது. இத்தனையும் சரியாக இருந்தால் அதற்குள் கோணமா வளைவா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம்.

"அழகு மட்டும்தானா, கண் முக்கியமில்லையா?" என்று யாராவது கீழே வந்து கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பாக இருந்தால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்பு லென்ஸ் இன்னும் மோசம், இருட்டுக்குக் கண்மணி விரிந்து அதிகமாக உள்ளே விடும். யுவி 400 என்று இருக்கிறதா பாருங்கள். கருமைக்கு 0 முதல் 4 வரை தரம் உண்டு. வெயிலுக்கு 3 போதும், அது வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை விடும். 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. நான் கண் மருத்துவர் இல்லை, பவர் உள்ளவர்கள் அவரிடம் கேளுங்கள்.

அந்தப் பழைய சதுரக் கண்ணாடியை அத்தான் ஒருநாள் சும்மா எடுத்துப் போட்டுப் பார்த்தார். அவருக்குத் தாடையெல்லாம் கட்டம் கட்டமாகச் சதுர முகம், பட்டியல்படி பொருந்தவே கூடாது. தைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார். அதைப் போட்டிருக்கும் தன் படத்தையும் அவரே குழுவில் போட்டார், எல்லோரும் இதயம் அனுப்பினார்கள்.