அபுஜாவில் பங்கு பிரியும் நாள்: நைஜீரியா குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போலா அகமது டினுபு 2023 மே 29 அன்று நைஜீரியக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதற்குப் பின் அந்நாட்டின் கட்சி அரசியலைப் பற்றியும் பொருளாதார முடிவுகளைப் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். கேள்விகள் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்தவை என்றாலும், பதில்கள் பெரும்பாலும் அரசு வருவாயைப் பங்கு பிரிக்கத் தலைநகர் அபுஜாவில் மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஒரு குழுவின் மேசைக்கே போய்ச் சேர்கின்றன.

கேள்வி: பதிவான வாக்குகளில் 37 விழுக்காடுகூடப் பெறாதவர் எப்படிக் குடியரசுத் தலைவர் ஆனார்?

அரசியலமைப்பின் 134ஆம் பிரிவு பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைக் கேட்பதில்லை. மற்றவர்களைவிடக் கூடுதலான வாக்குகளைப் பெற்றிருக்க வேண்டும். அத்துடன் 36 மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கிலேனும் கால்வாசி வாக்குகளைப் பெற்றிருக்க வேண்டும். 2023 பிப்ரவரி 25 தேர்தலில் டினுபுவுக்கு 87.9 இலட்சம், அத்திகு அபுபக்கருக்கு 69.8 இலட்சம், பீட்டர் ஒபிக்கு 61 இலட்சம், ரபியு குவான்குவாசோவுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் வாக்குகள் கிடைத்தன. தோற்ற மூவருமே முன்பு மக்கள் ஜனநாயகக் கட்சியில் ஒன்றாக இருந்தவர்கள். 2019இல் அத்திகுவின் துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றவரே ஒபிதான். அந்த ஒரு கட்சி மூன்றாக உடைந்ததே டினுபுவின் வெற்றிக்கு முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். தம் சொந்தக் கோட்டையான லாகோஸ் மாநிலத்திலேயே அவர் ஒபியிடம் தோற்றார் என்பதையும், பதிவு பெற்ற 9.3 கோடிப் பேரில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அரசு எவ்வளவு மெல்லிய ஆதரவோடு கடுமையான முடிவுகளில் இறங்கியது என்பது விளங்கும்.

தலைநகர்ப் பகுதியான அபுஜாவிலும் தனியாகக் கால்வாசி வாக்குகள் வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அப்படித் தனி நிபந்தனை இல்லை, அபுஜாவையும் ஒரு மாநிலத்தைப் போலவே கணக்கிட வேண்டும் என்று 2023 அக்டோபர் 26 அன்று தீர்ப்பாயிற்று.

கேள்வி: இரு பெரிய கட்சிகளுக்கும் கொள்கையளவில் என்ன வேறுபாடு?

ஆளுங்கட்சியின் சின்னம் துடைப்பம், மக்கள் ஜனநாயகக் கட்சியின் சின்னம் குடை. இதைவிட அழுத்தமான வேறுபாட்டைக் காட்டுவது கடினம். 1999 முதல் 16 ஆண்டுகள் ஆண்ட மக்கள் ஜனநாயகக் கட்சியை வீழ்த்துவதற்காக, தென்மேற்கில் டினுபு வைத்திருந்த கட்சியும் வடக்கில் முகமது புகாரி வைத்திருந்த கட்சியும் வேறு சிலரும் 2013இல் இணைந்து உருவாக்கியதே இன்றைய ஆளுங்கட்சியான அனைத்து முற்போக்காளர் காங்கிரஸ். பெட்ரோல் மானியத்தை நீக்குவதாக 2023இல் முதன்மை வேட்பாளர்கள் மூவருமே சொன்னார்கள். ஆகவே யார் வென்றிருந்தாலும் மானியம் போயிருக்கும்; எவ்வளவு ஆயத்தத்தோடு போயிருக்கும் என்பது மட்டுமே கேள்வி.

கேள்வி: எண்ணெய் வளமுள்ள நாட்டில் பெட்ரோலுக்கு மானியம் எதற்கு? அதை ஏன் ஒரே நாளில் நீக்கினார்கள்?

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்த நாடு, அரசுக்குச் சொந்தமான சுத்திகரிப்பு ஆலைகள் செயலிழந்து கிடந்ததால், பெட்ரோலை வெளிநாட்டிலிருந்து வாங்கி, வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்று, அந்த இழப்பை அரசின் எண்ணெய் நிறுவனம் கருவூலத்துக்குச் சேர வேண்டிய தொகையில் கழித்துக்கொண்டது. எத்தனை லிட்டர் உண்மையில் விற்பனையானது என்பதில் எப்போதும் ஐயம் இருந்தது. மலிவான பெட்ரோல் அண்டை நாடான பெனினின் எல்லை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. மானியம் நின்ற சில மாதங்களில் நாட்டின் அன்றாட நுகர்வு கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டதாக ஒழுங்குமுறை ஆணையமே அறிவித்தபோது, அதுவரை யாருடைய வண்டிக்கு மானியம் கொடுத்தார்கள் என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

ஒரே நாளில் நீக்கினார்கள் என்பது பாதி உண்மை. டினுபுவுக்கு முன்பு ஆண்ட புகாரியின் அரசு போட்டுவிட்டுச் சென்ற 2023 வரவுசெலவுத் திட்டத்திலேயே ஜூன் மாத இறுதி வரைக்குமான 3.36 இலட்சம் கோடி நைரா மட்டுமே மானியத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மாதம் பொறுத்து, பேருந்துக் கட்டணத்துக்கும் ஊதியத்துக்கும் ஒரு வழி செய்துவிட்டு அறிவித்திருக்கலாம். டினுபு பதவியேற்பு உரையிலேயே மானியம் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே நிரப்பு நிலையங்களில் வரிசை நீண்டது. 200 நைராவுக்குக் கீழே இருந்த ஒரு லிட்டர் லாகோஸில் 488 ஆகி, ஜூலையில் அபுஜாவில் 617ஐத் தொட்டது.

பெட்ரோல் அங்கே வண்டிக்கு மட்டும் ஆனதன்று. மின்சாரம் வந்து வந்து போகும் நாட்டில் தையற்கடை, முடிதிருத்தகம், குளிர்ந்த தண்ணீர்ப் பை விற்கும் பெட்டிக்கடை ஆகிய எல்லாவற்றின் வாசலிலும் கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று படபடத்துக்கொண்டிருக்கும். அதற்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்’. பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல் என்று பொருள். பெட்ரோல் விலை மும்மடங்கானபோது அந்த ஒரு படியும் சறுக்கிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2012 ஜனவரி 1 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் குட்லக் ஜோனதன் இதே மானியத்தை நீக்கியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். 65 நைராவிலிருந்து 141 ஆன விலையை இரண்டு வாரங்களில் 97க்கு இறக்க வேண்டியதாயிற்று. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்து அதைக் கண்டித்தவர்களுள் ஒருவர் டினுபு.

கேள்வி: நான் லாகோஸில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளம் நைராவில். டாலர் விலையில் செய்த சீர்திருத்தத்தால் ஊருக்கு அனுப்பும் பணம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. பழைய முறையில் என்ன குறை கண்டார்கள்?

உங்கள் இழப்பு உண்மையானது. ஆனால் அது முழுவதும் 2023இல் நேர்ந்ததன்று. பழைய முறையில் ஒரு டாலருக்கு மைய வங்கி வைத்திருந்த விலை ஏறத்தாழ 460 நைரா. தெருவில் அது 750. மாதம் 4,60,000 நைரா வாங்கியவருக்கு அது 1,000 டாலர் என்று தாளில்தான் எழுதியிருந்தது. வங்கிக் கவுண்டரில் அந்த விலைக்கு டாலர் கிடைக்காது. வெளியே வாங்கினால் 613 டாலர்தான் வரும். 460க்கு டாலர் கிடைத்தவர்கள் மைய வங்கியில் செல்வாக்குள்ளவர்கள். அவர்கள் அதை அப்படியே வெளியே கொண்டுபோய் விற்றாலே டாலருக்கு 290 நைரா இலாபம். தொழிற்சாலை நடத்துவதைவிட டாலர் ஒதுக்கீடு வாங்குவது நல்ல தொழிலாக இருந்த காலம் அது.

மைய வங்கி ஆளுநர் காட்வின் எமெஃபியேலேயை 2023 ஜூன் 9 அன்று பணியிடைநீக்கம் செய்துவிட்டு, ஐந்து நாள் கழித்து டாலருக்கு இருந்த வெவ்வேறு விலைகளை எல்லாம் ஒன்றாக்கினார்கள். கையிருப்பில் போதிய டாலர் இல்லாமலே கதவைத் திறந்ததுதான் பிழை என்று நினைக்கிறேன். ஏற்கெனவே தருவதாக ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 700 கோடி டாலர் நிலுவையில் இருந்தது. அதில் 240 கோடி டாலர் செல்லாத கோரிக்கை என்று புதிய ஆளுநர் ஓலயெமி கார்டோசோ பிறகு அறிவித்தார். 2024 பிப்ரவரியில் நைரா 1,500ஐத் தாண்டிச் சரிந்தபோது அதைப் பிடித்து நிறுத்த, மைய வங்கி தன் வட்டி விகிதத்தை ஒரே கூட்டத்தில் 4 புள்ளிகள் உயர்த்தி 22.75 விழுக்காடாக்கியது; ஆண்டு முடிவதற்குள் அது 27.5 ஆயிற்று. இரண்டு விலைகளுக்கும் இடையிலிருந்த பள்ளம் அதன் பிறகு பெருமளவு தூர்ந்தது. உங்கள் 4,60,000 நைராவோ 1,500 என்ற விலையில் 307 டாலர்தான்.

நைரா சரிந்ததில் பெட்ரோல் மானியமும் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்தது. இறக்குமதி விலை ஏறிக்கொண்டே போக, நிரப்பு நிலையத்தில் 617ஐ மாற்றாமல் வைத்திருந்தார்கள். வேறுபாட்டைச் சுமந்த அரசு எண்ணெய் நிறுவனம், பெட்ரோல் தருபவர்களுக்குக் கடன்பட்டுவிட்டதை 2024 செப்டம்பரில் ஒப்புக்கொண்ட கையோடு விலை 850ஐத் தாண்டியது. நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் கொள்ளளவுள்ள டாங்கோட்டே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெட்ரோல் சந்தைக்கு வரத் தொடங்கியதும் அதே மாதந்தான்.

கேள்வி: பணவீக்கம் ஒரே மாதத்தில் 34.8 விழுக்காட்டிலிருந்து 24.5 ஆகக் குறைந்தது எப்படி?

விலை குறையவில்லை. 2009ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பழைய கணக்கை விட்டு, 2024ஐ அடிப்படையாகக் கொண்டு 2025 ஜனவரி எண்ணை வெளியிட்டார்கள். மறுசீரமைப்பு தேவையானதுதான். ஆனால் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது, படியை மாற்றிவிட்டு நெல் குறைந்தது என்று சொல்வதாகும்.

கேள்வி: மானியம் மிச்சமாயிற்று என்றால் அந்தப் பணம் எங்கே போயிற்று?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். நைஜீரியாவில் எண்ணெய் வருவாயும் பெரிய வரிகளும் கூட்டாட்சிக் கணக்கு என்ற ஒரே பெட்டியில் விழுகின்றன. மாதத்துக்கு ஒருமுறை நடுவண் அரசின் அதிகாரிகளும் 36 மாநிலங்களின் நிதிப் பொறுப்பாளர்களும் ஒரு குழுவாகக் கூடி அதைப் பிரித்துக்கொள்கிறார்கள். எண்ணெய் வருவாயில் 13 விழுக்காட்டை எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு முதலில் தள்ளிவிட்டு, மீதியில் நடுவண் அரசுக்கு 52.68, மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60 விழுக்காடு என்பது கணக்கு. லாகோஸ் போன்ற ஓரிரண்டைத் தவிர ஏனைய மாநிலங்கள் ஊதியம் கொடுக்கவே இந்தப் பணத்தை நம்பியிருக்கின்றன.

மானியம் இந்தப் பெட்டிக்கு வருமுன்பே கழிக்கப்பட்ட தொகை. அது நின்றதும் பெட்டி பெருத்தது. அதே வேளையில் நைரா சரிந்ததால், டாலரில் வரும் எண்ணெய்ப் பணம் நைராவாக மாறும்போது மும்மடங்காயிற்று. 2023 மே மாத வருவாயிலிருந்து பிரித்தது ஏறத்தாழ 78,600 கோடி நைரா. 2025 ஜூலை வருவாயிலிருந்து பிரித்தது 2 இலட்சம் கோடி நைரா. சந்தையில் அரிசி வாங்கியவரின் கையிலிருந்து பணவீக்கமாகப் போனது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநிலங்களை ஆளும் ஆளுநர்களின் கணக்கில் பங்காக வந்து சேர்ந்தது என்று சொன்னால் மிகையன்று. எதிர்க்கட்சி ஆளுநர்கள்கூட மானிய நீக்கத்தை உரக்க எதிர்க்காததன் காரணத்தையும் இங்கேதான் தேட வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், குறைந்தபட்ச மாத ஊதியம் 30,000 நைராவிலிருந்து 70,000 ஆக உயர்ந்தது 2024 ஜூலை இறுதியில்தான். பெட்ரோல் விலை ஏறி ஓராண்டு தாண்டியாயிற்று. அதுவும் முறைசார்ந்த வேலையில் இருப்பவருக்கு. ஆகஸ்ட் 1 அன்று விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராட்டம் தொடங்கியபோது மேசைக்கு வெளியே நின்றவர்கள்தாம் தெருவில் நின்றார்கள்.

கேள்வி: எதிர்க்கட்சி ஆளுநர்கள் வரிசையாக ஆளுங்கட்சிக்குத் தாவுகிறார்களே, கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லையா?

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு. கட்சி பிளவுபட்டாலொழிய, தாவியவர் இடத்தை இழப்பார் என்று 68, 109ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அந்தப் பிளவு என்ற சொல்லுக்குள்தான் எல்லோரும் நுழைந்து வெளியேறுகிறார்கள். ஆளுநருக்கு அப்படி ஒரு தடையே இல்லை. எபோன்யி ஆளுநர் டேவ் உமாஹி தாவியபோது 2022இல் ஒரு நீதிமன்றம் அவரைப் பதவியிழக்கச் செய்தது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. இன்று அவர் டினுபு அரசில் பொதுப்பணி அமைச்சர்.

எதிர்க்கட்சி மாநிலம் என்பதற்காக மாதப் பங்கைக் குறைக்க முடியாதபோது ஏன் தாவ வேண்டும் என்று கேட்கலாம். பங்கு உறுதி; அடுத்த தேர்தலில் வேட்பாளர் ஆவது உறுதியன்று. கட்சிக்குள் சண்டை முற்றி உட்கட்சித் தேர்தல் முறையாக நடக்காவிட்டால் நீதிமன்றம் வேட்பாளரையே இல்லாமலாக்கிவிடும். 2019இல் சம்ஃபாரா மாநிலத்தில் வென்ற ஆளுங்கட்சி வேட்பாளர்கள் அனைவரின் வெற்றியும் இந்தக் காரணத்தால் செல்லாமற்போய், இரண்டாமிடத்தில் வந்த மக்கள் ஜனநாயகக் கட்சியின் பெல்லோ மத்தவல்லே ஆளுநரானார். ஈராண்டில் அவர் ஆளுங்கட்சிக்குத் தாவினார். 2023இல், தாவி வந்த கட்சியின் சார்பில் நின்று தோற்றார். பிறகு டினுபு அரசில் பாதுகாப்புத் துறை இணையமைச்சரானார். டெல்டாவின் ஷெரிஃப் ஒபோரெவ்வோரியும் அக்வா இபோமின் உமோ ஏனோவும் 2025இல் மாறியபோது, உடைந்துகொண்டிருந்த தம் கட்சியில் 2027 வரை காத்திருப்பதன் ஆபத்தை அவர்கள் எடைபோட்டிருப்பார்கள். ரிவர்ஸ் மாநிலத்தில் 2025 மார்ச் 18 அன்று நெருக்கடி நிலை அறிவித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரையும் சட்டமன்றத்தையும் ஆறு மாதம் ஒதுக்கிவைத்ததையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: புதிய வரிச் சட்டங்களை வடமாநிலங்கள் எதிர்த்தது ஏன்?

மதிப்புக் கூட்டு வரியை நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் இடத்துக்குக் கணக்கு வைத்தார்கள். தலைமையகங்களோ லாகோஸில் இருந்தன. வரி ஈட்டும் இடத்துக்கே கூடுதல் பங்கு என்று முதல் வரைவு சொன்னபோது, ஆளுங்கட்சியைச் சேர்ந்த போர்னோ ஆளுநர் பாபகானா சுலும் உட்பட வடக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பிறகு மாநிலங்களுக்கான பங்கில் 50 விழுக்காடு சமமாகவும், 20 விழுக்காடு மக்கள்தொகைப்படியும், 30 விழுக்காடு பொருள் நுகரப்படும் இடத்தைப் பொறுத்தும் என்று சமாதானமானது. வரி விகிதம் 7.5 விழுக்காடாகவே நின்றது. 2025 ஜூன் 26 அன்று கையெழுத்தான சட்டங்கள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுக்கு 8 இலட்சம் நைரா வரை ஈட்டுபவருக்கு வருமான வரி இல்லை என்பது அவற்றில் நல்ல அம்சம்.

கேள்வி: உள்ளாட்சிகளுக்கும் பங்கு உண்டு என்கிறீர்கள். ஊர்களில் அதன் அடையாளத்தைக் காணோமே?

774 உள்ளாட்சிகளின் பங்கு அவற்றின் கைக்குப் போவதில்லை. மாநிலத்தோடு சேர்ந்த கூட்டுக் கணக்குக்குப் போகிறது. அங்கே கையெழுத்து ஆளுநருடையது. லாகோஸ் ஆளுநராக இருந்த டினுபு, இருந்த 20 உள்ளாட்சிகளோடு புதிதாக 37ஐ உருவாக்கியதால், அன்றைய குடியரசுத் தலைவர் ஒபசாஞ்சோ 2004இல் லாகோஸ் உள்ளாட்சிகளின் பணத்தையே நிறுத்தினார். நிறுத்த அவருக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் அவர் விடுவிக்கவில்லை. அடுத்து வந்த யாரதுவாதான் கொடுத்தார். இருபது ஆண்டு கழித்து, குடியரசுத் தலைவரான டினுபுவின் அரசு 36 மாநில அரசுகள் மீதும் வழக்குத் தொடுத்து, உள்ளாட்சிப் பணம் நேரே உள்ளாட்சிக்குப் போக வேண்டும் என்று 2024 ஜூலை 11 அன்று தீர்ப்பும் வாங்கிற்று. ஓராண்டு கடந்த பின்பும் பணம் பழைய கணக்கு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. பணம் நேரே போவதைத் தடுக்கக்கூடிய ஆளுநர்கள்தாம் 2027 தேர்தலை முன்னிட்டு ஒருவர்பின் ஒருவராக அவருடைய கட்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.