இரண்டு பேர் வரை ஓடுகிறது, மூன்றாவது ஆள் வந்தால் படம் போய்விடுகிறது: ஜிட்சி சர்வர் கேள்வி-பதில்

வீடியோ கூட்டம் நடத்தும் இலவச மென்பொருளான ஜிட்சி மீட்டைச் சொந்த சர்வரில் போடுவதைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். மென்பொருளை ஏற்றுவது பத்து நிமிட வேலை. பலரும் மாட்டிக்கொள்வது அதற்கு முந்தைய வேலையில்.

டியூஷன் எடுக்கிறேன். ஒரே நேரத்தில் 20 பிள்ளைகள் வருவார்கள். எத்தனை கோர், எவ்வளவு ரேம் வேண்டும்?

4 கோர், 8 ஜிபி ரேம் தாராளம். நீங்கள் பார்க்க வேண்டியது பேண்ட்வித், அதாவது நொடிக்கு எவ்வளவு டேட்டா போக முடியும் என்பது. ஜிட்சியில் வீடியோவைக் கையாளும் பகுதிக்கு வீடியோபிரிட்ஜ் என்று பெயர். அது எல்லார் படத்தையும் குழைத்து ஒரே படமாக்குவதில்லை. வந்ததை வந்தபடியே மற்றவர்களுக்குப் பிரித்து அனுப்புகிறது, தபால்காரர் மாதிரி. அதனால் சிபியுவுக்குப் பெரிய பாரம் இல்லை, நெட்வொர்க்குக்குத்தான் பாரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேசுகிறவரின் 720பி படம் சுமார் 2.5 எம்பிபிஎஸ். ஓரத்தில் வரும் சின்னப் படம் ஒவ்வொன்றும் 200 கேபிபிஎஸ். எல்லாரும் கேமரா போட்டிருந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய படமும் 19 சின்னப் படங்களும் போகும், ஏறக்குறைய 6 எம்பிபிஎஸ். இருபது பேருக்குச் சேர்த்தால் சர்வரிலிருந்து 120 எம்பிபிஎஸ். ஒரு மணி நேர வகுப்புக்கு 50 ஜிபியைத் தாண்டிவிடும். மாதம் 1 டிபி வரை இலவசம் என்று சொல்லும் விபிஎஸ் (வாடகை சர்வர்) திட்டத்தில், தினம் ஒரு வகுப்பு எடுத்தால் மூன்றாவது வாரத்திலேயே கோட்டா காலி. பாடம் நடக்கும்போது பிள்ளைகளைக் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அத்துடன் போய்விடும்.

எல்லாம் சரியாகப் போட்டேன். நானும் தம்பியும் பேசினால் படம் பளிச்சென்று வருகிறது. மூன்றாவது ஆள் வந்ததும் எல்லார் கட்டமும் கறுப்பு. மென்பொருளில் பிழையா?

இல்லை. வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள், காரணமும் எப்போதும் ஒன்றுதான்.

இரண்டே பேர் இருக்கும்போது ஜிட்சி படத்தையும் குரலையும் சர்வர் வழியாக விடுவதில்லை. இருவரையும் நேரடியாக இணைத்துவிடும். மூன்றாவது ஆள் வந்தபிறகுதான் வீடியோபிரிட்ஜ் வேலைக்கு வருகிறது. அதற்கு யூடிபி 10000 போர்ட் திறந்திருக்க வேண்டும். போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் எண் போட்ட வாசல்; யூடிபி, டிசிபி இரண்டும் டேட்டாவை அனுப்பும் இரண்டு முறைகள். உங்களுடையது மூடியிருக்கிறது.

நானும் இதில் மாட்டியவன்தான். ஹாலில் லேப்டாப், அடுப்படியில் மனைவியின் போன், இரண்டிலும் படம் வந்தது. வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை சங்கக் கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். ஒருவர் முகமும் தெரியவில்லை, சாட்டில் மட்டும் "கேட்குதா? கேட்குதா?" என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சாட்டையே துப்பாக எடுத்துக்கொள்ளலாம். அது வெப் பக்கங்கள் வரும் 443ஆம் போர்ட் வழியாகப் போவதால் தடையில்லாமல் ஓடும். சாட் வந்து படமும் குரலும் வராவிட்டால், வேறு எதையும் தோண்டாமல் யூடிபி 10000ஐப் பாருங்கள்.

பார்க்கும்போது இரண்டு கதவுகள் இருப்பதை மறக்காதீர்கள். சர்வருக்குள் இருக்கும் ஃபயர்வால் (எந்தப் போர்ட்டில் யாரை விடுவது என்று பார்க்கும் காவல்) ஒன்று, கிளவுட் நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் ஃபயர்வால் இன்னொன்று. உள்ளே திறந்துவிட்டு வெளியே விட்டவர்கள்தான் அதிகம். இன்னும் சிலர் போர்ட் எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டு, யூடிபிக்குப் பதில் டிசிபி என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். 80, 443 இரண்டும் டிசிபி, 10000 யூடிபி.

இரண்டு கதவும் திறந்தும் கறுப்பாகவே இருந்தால், சர்வர் தன் முகவரியைத் தவறாகச் சொல்கிறது என்று அர்த்தம். பல கிளவுட்களில் சர்வருக்குத் தெரிவது 10 அல்லது 172 என்று தொடங்கும் உள் ஐபி மட்டுமே. வெளி ஐபியைப் பெரும்பாலும் பிரிட்ஜே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடிக்காவிட்டால் உள் ஐபி, வெளி ஐபி இரண்டையும் பிரிட்ஜின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் நாமே எழுதிவிட்டு, பிரிட்ஜை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இனி சோதிக்கும்போது மூன்று கருவிகளை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றாவது வீட்டு வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருக்கட்டும்.

டொமைன் வாங்காமல் ஐபி முகவரியை வைத்தே ஓட்டலாமா?

வேண்டாம். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) இல்லாத பக்கத்துக்கு பிரவுசர் கேமராவையும் மைக்கையும் தராது. அதற்கு வேண்டிய சர்டிஃபிகேட்டை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. ஜிட்சி அதை வாங்குவதற்கு டொமைன் பெயர் உங்கள் சர்வரைக் காட்ட வேண்டும், 80ஆம் போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பட்டியல்) பழைய ஐபிவி6 முகவரிப் பதிவு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அந்த முகவரிக்குத்தான் முதலில் போய்க் கதவைத் தட்டும்.

பெயரை முடிவு செய்துவிட்டு, சர்வர் தனக்கு வைத்திருக்கும் பெயரான ஹோஸ்ட்நேமையும் அதற்கேற்ப மாற்றிய பிறகே இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். நிறுவும்போது கொடுக்கும் பெயர், ஜிட்சியோடு சேர்ந்து ஓடும் பிராசடி, ஜிகோஃபோ, என்ஜினெக்ஸ் என்று எல்லாக் கான்ஃபிக் கோப்புகளிலும் போய் உட்கார்ந்துவிடும். பிறகு மாற்ற நினைத்தால் முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் சுலபம்.

சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் டெபியனா, உபுண்டுவா?

எது கைப்பழக்கமோ அது. ஆனால் வேறு வெப்சைட் எதுவும் ஓடாத காலி சர்வராக இருக்கட்டும்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது. அதில் போட்டால் மாத வாடகை மிச்சமாகுமே?

முதலில் ரவுட்டர் பக்கத்துக்குப் போய் வான் ஐபியை (நெட் நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், உங்கள் நெட் நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உங்கள் கம்ப்யூட்டரை நேராக எட்ட முடியாது, ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்றே உள்ள மாறாத பொது ஐபி) தனியாக வாங்க வேண்டும். அப்புறம் அப்லோட் வேகம், கரண்ட் கட். நான்கைந்து பேர் பேசுவதற்கு என்றால் சரி, கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்புக்கு வேண்டாம்.

அலுவலகத்திலிருந்து சேருபவர்களுக்கு மட்டும் படம் வருவதில்லை. ஏன்?

அவர்கள் அலுவலக ஃபயர்வால் யூடிபியை விடுவதில்லை. அதற்காகத்தான் கோடர்ன் என்ற இடைத்தரகு மென்பொருள் இருக்கிறது, அது டிசிபி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சர்வரில் 5349 டிசிபியையும் 3478 யூடிபியையும் திறந்துவையுங்கள். 443 தவிர எதையும் விடாத கெடுபிடி அலுவலகம் என்றால், தனி ஐபி ஒன்றில் கோடர்னை 443லேயே வைக்க வேண்டியிருக்கும்.

அதே சர்வரில் ரெக்கார்டிங்கும் செய்யலாமா?

செய்யாதீர்கள். ரெக்கார்டிங் செய்யும் ஜிப்ரி, ஒரு குரோமைத் திறந்து ஆள் போலக் கூட்டத்துக்குள் வந்து, திரையை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் வழியாகப் பதிவு செய்கிறது. சிபியுவைத் தின்றுவிடும். ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் பதியும். தனி சர்வர் எடுக்கும்போது கெர்னலையும் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படைப் பகுதி) பாருங்கள். கிளவுட்டுக்கென்று மெலிதாக்கிய கெர்னல்களில் ஜிப்ரிக்கு வேண்டிய ஒலி லூப்பேக் மாட்யூல் இருக்காது. சாதாரண கெர்னலுக்கு மாற்றினால்தான் குரல் பதிவாகும்.

யாரென்றே தெரியாதவர்கள் என் சர்வரில் கூட்டம் நடத்துகிறார்கள்.

பூட்டாமல் விட்டிருக்கிறீர்கள். நிறுவியதும் யார் வேண்டுமானாலும் அறை திறக்கலாம் என்ற நிலையில்தான் ஜிட்சி இருக்கும். அறை திறப்பவருக்கு மட்டும் பாஸ்வேர்ட், மற்றவர்கள் விருந்தினராக வரலாம் என்று பிராசடியில் மாற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கும் தேவைப்படாது.