ஒன்பது பேர் அணி: எதைப் பார்க்க வேண்டும்?

வணக்கம். உங்கள் மகளை அழைக்கும் அமெரிக்க டிவிஷன் 3 (கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு) கல்லூரியின் கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம்) அணியில் ஒன்பதே பெண்கள், ஒரே பயிற்சியாளர். நம்பிச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒன்பதைக் கண்டு பயப்படாதீர்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டித்தான் அணிக்குப் புள்ளி. ஐந்துக்குக் குறைந்தால் அணிக் கணக்கே கிடையாது. இருவருக்குக் கால் எலும்பில் விரிசல், ஒருத்தி ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் என்றாலும் ஆறு பேர் மிஞ்சுவார்கள். ஆனால் அந்த ஒன்பதில் எத்தனை பேர் கடைசி ஆண்டு? அதுதான் முக்கியம்.

பண விவரத்துக்கு, அமெரிக்கக் கல்வித்துறையின் 'ஈக்விட்டி இன் அத்லெடிக்ஸ்' தளத்தில் கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். வீரர் எண்ணிக்கை, பயிற்சியாளர்கள், பயணம் உள்ளிட்ட போட்டிச் செலவு எல்லாம் தெரியும். பல கல்லூரிகள் உள்ளரங்க, வெளியரங்க டிராக்கையும் (தடகள ஓட்டம்) சேர்த்தே காட்டும் என்பதால் ஒரே பெண் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கலாம். கவனம்.

டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை இல்லை; படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும்தான். ஓட வரும் பிள்ளைகள் கட்டும் கட்டணம் சிறு கல்லூரிக்குப் பெரிய வரவு, அதனால் இந்த அணியைச் சட்டென்று மூட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், பயிற்சியாளர் முழுநேரமா, டிராக்கும் அவர் பொறுப்பா என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.