கொழுந்தனாருக்காகத் தரையைச் சூடாக்கலாமா?

கேள்வி: கேரள மலையில் தேவிகுளம் பக்கம் வீடு கட்டுகிறோம். தரை வேலை ஆரம்பிக்கப் போகிறது. டிசம்பரில் கனடாவிலிருந்து குடும்பத்தோடு இரண்டு வாரம் தங்க வரும் கொழுந்தனார், 900 சதுர அடிக்கும் தரைக்கு அடியில் சூடேற்றும் வசதி போடச் சொல்கிறார். 4 லட்சம் கேட்கிறார்கள். ஏற்கெனவே நகை வைத்து 5 லட்சம் வாங்கி, 12 சதவீத வட்டியை மட்டும் கட்டி மூன்று வருஷமாகத் திருப்பி வைக்கிறேன். மீதி நகையையும் வைக்கலாமா? கரண்ட் வகையா, சுடுதண்ணீர் வகையா, எது லாபம்?

பதில்: சகோதரி, எந்த வகை என்பதற்கு முன்னால் அந்த "திருப்பி வைக்கிறேன்" என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. வருஷத்துக்கு 60,000 வட்டி. மூன்று வருஷத்தில் 1,80,000 போய்விட்டது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இன்னும் 4 லட்சம் வாங்கினால் வட்டி மட்டும் வருஷத்துக்கு 48,000 கூடும். இரண்டு வார விருந்தாளிக்காக இதைச் செய்யாதீர்கள்.

சரி, வகைக்கு வருவோம். சுடுதண்ணீர் வகையில் காங்கிரீட்டுக்குள் குழாய் ஓடும். பாய்லரோ ஹீட் பம்ப்போ தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும். வீடு முழுக்க வேண்டுமென்றால் ஓட்டும் செலவு இதில்தான் குறைவு. ஆனால் தளம் சூடேறவே மணிக்கணக்காகும். மாதக்கணக்கில் இரவும் பகலும் உறையும் கனடாவுக்கு அது சரி. நம் மலையில் விடியலில் நடுங்கினாலும் பதினொரு மணி வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறோமே! சூடான காற்றை ஓட்டும் வகையும் உண்டு, வீட்டுக்குக் கட்டுப்படியாகாது.

கரண்ட் வகையில் டைல்ஸுக்கு அடியில் சூடேறும் வயர் பதித்த பாய் விரிப்பார்கள். சதுர அடிக்கு 10 வாட் என்றாலே 900 அடிக்கு 9,000 வாட். மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். தினம் 6 மணி நேரம், அதிலும் தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்துவிடும் என்றே வைத்தாலும் 27 யூனிட், மாதம் 800 யூனிட். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலை. யூனிட் 8 ரூபாய் என்று போட்டால்கூட இரண்டு மாத பில்லில் 13,000 ஏறும்.

ஆசை இருந்தால் குளியலறைக்கு மட்டும் கரண்ட் வகை போடுங்கள். 40 சதுர அடிக்கு 500 வாட் போதும். தினம் 2 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், குளிர்காலம் மூன்று மாதத்துக்கும் சேர்த்து 750 ரூபாய்க்குள் முடியும். அடியில் வெப்பம் இறங்காத பலகை போடாவிட்டால் சூடு மண்ணுக்குப் போய்விடும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கட்டாயம். பின்னால் வயர் பழுதானால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நகைக் கடனில் அசலைப் பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். இப்போதுள்ள 5 லட்சத்துக்கு வட்டியும் சேர்த்து மாதம் 10,000 கட்டினால் ஆறு வருஷத்துக்குள் அடையும். 16,600 முடிந்தால் மூன்றே வருஷம். விடமாட்டோம் என்றால் விடுகிற வங்கிக்கு மாற்றுங்கள்.

கொழுந்தனாரிடம் உங்கள் கணவரே பேசட்டும். வந்து தங்கும் அறையில் ஒரு ஆயில் ஹீட்டர் வைத்துக் கொடுத்தால் போதும். அவர்கள் போன பிறகு அது உங்களுக்கும் உதவும்.