சூடான சீஸ் டிப்: எண்ணெய் பிரியாமல் எடுப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: பத்துப் பேர் வரும் பார்ட்டிக்கு அவனில் வைக்கும் சீஸ் டிப் செய்யணும். அளவு சொல்லுங்க அக்கா.

பதில்: கிரீம் சீஸ் 225 கிராம், சவர் கிரீம் (புளிக்கவைத்த கிரீம்) 120, மயோனைஸ் 60, துருவிய செடார் 150, மொசரெல்லா 75, நசுக்கிய பூண்டு 2 பல். ஆளுக்குச் சுமார் 60 கிராம் வரும். வேறு பண்டங்களும் இருந்தால் தாராளம். கிரீம் சீஸை ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜில்லென்று இருக்கும்போது கலந்தால் பட்டாணி அளவில் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் அதை மட்டும் மசித்து, பிறகு சவர் கிரீம், மயோனைஸ், பூண்டு, கடைசியில் துருவல். ஒரு கைப்பிடி செடாரை மேலே தூவ ஒதுக்குங்கள். 4 செ.மீ. ஆழமுள்ள அகலமான பாத்திரத்தில், 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம். சீஸிலேயே உப்பு இருக்கிறது. ருசி பார்க்காமல் போடாதீர்கள்.

கேள்வி: போன தடவை மேலே எண்ணெய் மிதந்தது, அடியில் ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. எங்கே தப்பு?

பதில்: சூடு கூடியிருக்கும், இல்லையென்றால் நேரம் கூடியிருக்கும். சீஸில் புரதம் வலை மாதிரி நின்று கொழுப்பையும் நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. சூடு ஏற ஏற அந்த வலை இறுகி, இரண்டையும் வெளியே தள்ளிவிடும். ஓரம் கொப்பளித்து, பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி லேசாகத் தளும்பும். அதுதான் எடுக்கும் நேரம். மேலே நிறம் வரவில்லையே என்று இன்னும் பத்து நிமிடம் விடுவதில்தான் முக்கால்வாசி டிப் கெடுகிறது. நிறம் வேண்டுமானால் கடைசி 2 நிமிடம் கிரில்லை (அவனின் மேல் சூட்டை) மட்டும் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.

இன்னொரு காரணம் சீஸின் வயது. நாள்பட்ட செடார் ருசியில் கெட்டி, ஆனால் சீக்கிரம் பிரியும். பாதி முற்றியது, பாதி இளசு என்று போடுங்கள். துருவலில் ஒரு டீஸ்பூன் சோளமாவு புரட்டினால் இன்னும் பாதுகாப்பு. ஏற்கெனவே எண்ணெய் கக்கிவிட்டால், வெளியே எடுத்து 2 டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு வேகமாகக் கிளறுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். ரப்பரானது திரும்பாது.

கேள்வி: சவர் கிரீமுக்குப் பதில் தயிர் விடலாமா?

பதில்: விடலாம். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் 2 மணி நேரம் வடித்தபின் அதே 120 கிராம். கொழுப்பு எடுத்த தயிர் வேண்டாம், திரிந்துபோகும்.

கேள்வி: பாக்கெட்டில் துருவியே வர்ற சீஸ் ஓகேவா அக்கா?

பதில்: ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் மாவுச்சத்தோ செல்லுலோஸோ பூசியிருப்பார்கள். டிப் கெடாது, நாக்கில் கொஞ்சம் மாவு தட்டும். அதைப் போட்டால் சோளமாவை விட்டுவிடுங்கள். என் ஓட்டு கட்டியாக வாங்கித் துருவுவதற்கே.

கேள்வி: பசலைக்கீரை சேர்த்தேன், தண்ணி விட்டுடுச்சு.

பதில்: பிழிந்தது போதவில்லை. உறைந்த கீரை 250 கிராம் என்றால், உருகவிட்டுத் துணியில் வைத்து, சொட்டு நிற்கும்வரை முறுக்குங்கள். ஒரு கைக்குள் அடங்கும் உருண்டைதான் மிஞ்சும். காளான், வெங்காயம் எல்லாம் நீர் வற்ற வதக்கி, ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: முதல் நாளே கலந்து வைக்கலாமா?

பதில்: தாராளமாக. மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை அங்கிருந்து நேரே சூடான அவனுக்குள் தள்ளினால் விரிசல் விடும். அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். அப்போதும் உள்ளே குளிர்ச்சி இருக்கும் என்பதால் 5 முதல் 10 நிமிடம் கூடுதலாகும். பிரெட் தூள் தூவுவதாக இருந்தால் அவனில் வைக்கும்போது மட்டும். முன்பே தூவினால் ஊறிவிடும்.

கேள்வி: மேசையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

பதில்: சூடு கொடுக்காமல் வைத்தால் 2 மணி நேரம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூட்டுத்தட்டில் இருக்க வேண்டும். ஆனால் சூடு இல்லாவிட்டால் அந்த 2 மணி நேரத்துக்கு முன்பே ஆறி இறுகி, சிப்ஸ் முறியும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். கலவையை இரண்டு சிறு பாத்திரங்களில் பிரித்து, இரண்டாவதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலாவது பாதி காலியானதும் இரண்டாவதை வெளியே எடுத்து, அவனை முடுக்குங்கள்.