சிகிச்சை ஃபைலை மகளிடம் கொடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுத்துக் குணமான மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். கோவையில் விடுதியில் விடலாமா, பக்கத்து ஊர்க் கல்லூரியே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் மாத்திரை, பரிசோதனை, பயம் எல்லாம் இருக்கின்றன. அவளுக்கு என்ன படிக்க விருப்பம் என்பது மட்டும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

கல்லூரிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பீரோவில் இருக்கும் சிகிச்சை ஃபைலை அவளிடம் கொடுத்துவிடுங்கள். தனக்கு என்ன மருந்து ஏறியது என்றே தெரியாமல், டாக்டர் எதைக் கேட்டாலும் அம்மா முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் நிறைய. மருத்துவமனையில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்குங்கள்: நோயின் பெயர், சிகிச்சை முடிந்த தேதி, மருந்துகள், அவற்றின் மொத்த அளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில் என்ற விவரம். டானோரூபிசின், டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் பல ஆண்டுகள் கழித்தும் இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான். அடுத்த எக்கோ எப்போது என்று அவளே டாக்டரிடம் கேட்கட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். கஷ்டம்தான், உட்காருங்கள்.

படிப்பில் 'அலைச்சல் இல்லாத கோர்ஸ்' என்று தேடாதீர்கள். மிச்சமிருக்கும் பாதிப்பு என்ன என்று பாருங்கள். வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தால் விரல்கள் மரத்துப்போவது இன்னும் தொடர்ந்தால், நாள் முழுக்க நுணுக்கமான கைவேலை கேட்கும் துறை சிரமப்படுத்தும். கணக்கில் நேரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தலைக்குக் கதிர்வீச்சோ, முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தோ பெற்ற சிலருக்கு வேகமும் கவனமும் குறையும். சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. இன்னொரு டியூஷனுக்குக் கட்டும் பணத்தில் மருத்துவ உளவியலாளரிடம் ஒரு மதிப்பீடு செய்துவிடலாம்.

சலுகையைப் பற்றியும் கேட்டீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் புற்றுநோய் இல்லை. ஆனால் நோயாலோ சிகிச்சையாலோ செவி, பார்வை, கை கால் பாதிக்கப்பட்டு, அது 40 விழுக்காட்டை எட்டினால், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் அரசு வேலையில் 4 விழுக்காடும் உள்ள ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணத்துக்குத் தடையாகும் என்று தகுதி இருந்தும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்காமல் விடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வேலை நேர்முகத்தில் பழைய நோயைத் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. மருத்துவப் படிவத்திலோ காப்பீட்டு விண்ணப்பத்திலோ கேட்டால் மறைக்கக் கூடாது. நோயை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.

டாக்டர் தடை சொல்லாவிட்டால் கோவைக்கே அனுப்புங்கள். அதற்குள் ஒரு பரிசோதனைக்காவது அவள் தனியாக பஸ் ஏறிப் போய் வரட்டும். விடுதி விண்ணப்பத்தில் அவசரத் தொடர்புக்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள். உடல்நிலை விவரம் கேட்கும் பகுதியை அவளே நிரப்பட்டும்.